கொடை, தேர்ப்பவனி, கச்சேரி: காதைக் காப்பது பற்றிக் குமரி மாவட்டத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் பெருநகரங்களைப் போல இரவு நடன விடுதிகள் கிடையாது. ஆனால் மாசியில் மண்டைக்காட்டுக் கொடை என்னும் கோயில் விழா தொடங்கிவிட்டால், அதன் பிறகு ஏதாவது ஓர் அம்மன் கோயிலிலோ மாடன் கோயிலிலோ கொடை நடந்துகொண்டேதான் இருக்கும். கார்த்திகையில் கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர், கடற்கரை ஊர்களில் தேர்ப்பவனியும் வாணவேடிக்கையும், கல்யாண வரவேற்புகளில் டிஜே. ஒரு வருடத்தில் நம் காது வாங்கும் சத்தம் எந்த நகரத்துக்காரருடைய காதுக்கும் குறைந்ததில்லை. அறுபது வயதிலும் வில்லுப்பாட்டுக் கதையை ஒரு சொல் விடாமல் கேட்க வேண்டும் என்று விரும்புகிற திருவிழாப் பிரியர்களுக்காகவே இந்தக் கேள்வி பதில்கள்.

எவ்வளவு சத்தம் காதுக்கு ஆபத்து?

சத்தத்தின் அளவையும் அதைக் கேட்கும் நேரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல். தினமும் 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிற்கூடங்களுக்காக அமெரிக்காவின் நியாஷ் ஆய்வு நிறுவனம் வகுத்த எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிறது. ஆகவே இருக்கத்தக்க நேரம் பாதியாகிவிடுகிறது. 88 டெசிபல் என்றால் 4 மணி நேரம், 94 என்றால் 1 மணி நேரம், 100 என்றால் 15 நிமிடம். 106 டெசிபலைத் தொட்டால் 4 நிமிடம்கூட இல்லை. ஒலிப்பெட்டிகள் அடுக்கிய மேடையின் முன்வரிசையில் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். கச்சேரியோ மூன்று மணி நேரம் நடக்கிறது.

கருவி இல்லாமல் எப்படி அளப்பது?

கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் பேசிப் பாருங்கள். குரலை உயர்த்தாமல் பேச முடியவில்லை என்றால் 85 டெசிபலை நெருங்கிவிட்டது. அவர் காதருகே வாயை வைத்துக் கத்த வேண்டியிருந்தால் அங்கே நிமிடக் கணக்கில்தான் நிற்கலாம். கைபேசியில் ஒலி அளக்கும் செயலிகள் இருக்கின்றன. நியாஷ் நிறுவனம் ஐபோனுக்கென்று இலவசமாக ஒன்றைத் தருகிறது, அது ஓரளவு நம்பகமானது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஒலிவாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு விதம். அவை காட்டும் எண்ணைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சிங்காரி மேளத்துக்கு மைக்கே கிடையாது. அதுவும் கெடுதலா?

கெடுதல்தான். மின்சாரத்தில் வந்த சத்தமா, தோலில் அடித்த சத்தமா என்று காது பிரித்துப் பார்ப்பதில்லை. இன்னும் சொல்லப்போனால் சிங்காரி மேளத்தில் கோலால் அடிக்கும் செண்டையின் அடி வேறொரு வகையில் கடுமையானது. பெரிய சத்தம் வரும்போது நடுச்செவியில் உள்ள சிறு தசைகள் சுருங்கி, உள்ளே போகும் ஒலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். உடம்பு தானாகச் செய்துகொள்ளும் காப்பு அது. ஆனால் அந்தத் தசை சுருங்குவதற்குள், கோல் தோலில் பட்ட அந்த முதல் வெட்டு ஒலி உட்செவிக்குப் போய்விடுகிறது. செண்டைகள் வரிசையாக நின்று ஒரே தாளத்தில் அடிக்க, இடையிடையே இலத்தாளம் என்ற கைத்தாளத்தின் உலோக ஒலியும் சேர்ந்தால், இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்பவர் காதுக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

நம் ஊர்களில் அந்த இரண்டு மீட்டருக்குள் யார் நிற்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பிள்ளைகள். மேளக்காரர்கள் வட்டமாக நின்று அடிக்கத் தொடங்கியதும் முண்டியடித்து முன்னால் வந்து நிற்கும் எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளின் காது சரியாகச் செண்டையின் உயரத்தில் இருக்கிறது. பெரியவர்கள் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு பின்னால் நிற்கிறோம். இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்தால் காதில் 'கொய்' என்று இரைகிறது. காலையில் சரியாகிவிடுகிறது. பிறகு என்ன கவலை?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு காதுக்கும் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள். ஒலி அலை வரும்போது இந்த இழைகள் அசைகின்றன. அந்த அசைவுதான் மின்துடிப்பாக மாறி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. அளவுக்கு மீறிய சத்தத்தில் இந்தச் செல்கள் சோர்ந்து, கொஞ்ச நேரம் சரியாக வேலை செய்யாது. காது அடைத்தாற்போல, பஞ்சு வைத்தாற்போல இருப்பதும் இரைச்சல் கேட்பதும் அதனால்தான். ஓய்வு கிடைத்தால் ஓரிரு நாட்களில் பெரும்பாலும் மீண்டுவிடும். மீளாமல் செத்துப்போகும் செல்லுக்கு மாற்று கிடையாது. பறவைகளுக்கு அந்தச் செல்கள் மறுபடி முளைக்கின்றன, மனிதருக்கு முளைப்பதில்லை.

'காலையில் சரியாகிவிட்டது' என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. குஜாவா, லிபர்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2009-இல் எலிகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டு மணி நேரம் பலத்த சத்தம் கேட்ட எலிகளின் கேட்கும் திறன் சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் மயிரிழைச் செல்களையும் கேட்டல் நரம்பையும் இணைக்கும் இணைப்புகளில் சில இடங்களில் பாதி வரை அறுந்துபோயிருந்தது, அது திரும்பவே இல்லை. மனிதரிடம் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. அதனால், இரைச்சல் நின்றதைக் காது தப்பித்துவிட்டதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரைச்சல் வந்தது என்றாலே அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று பொருள். அடுத்த நாள் காதுக்கு முழு ஓய்வு கொடுங்கள். மூன்று நாள் கொடையின் இரண்டாம் நாள் என்றாலும் மேடைப் பக்கம் போகாதீர்கள்.

காது கெட ஆரம்பித்திருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் 'கேட்கவில்லை' என்று தோன்றவே தோன்றாது. 'கேட்கிறது, ஆனால் புரியவில்லை' என்றுதான் தோன்றும். பலத்த சத்தம் முதலில் தின்பது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான கீச்சு ஒலிகளை, குறிப்பாக 4,000-ஐ ஒட்டிய பகுதியை. பேச்சில் ச, த, க, ப போன்ற மெய்களின் தெளிவு பெருமளவு இந்த மேல் பகுதியை நம்பியிருக்கிறது. உயிரெழுத்துகள் தாழ்ந்த ஒலிகள். அவை பலமாகவே கேட்கும். ஆகவே 'பால்' என்றது 'கால்' என்று கேட்கும், 'தட்டு' என்றது 'பட்டு' ஆகும். அமைதியான அறையில் ஒருவர் பேசினால் சமாளித்துவிடுவீர்கள். வடசேரி பஸ் நிலையத்தில் நான்கு பேர் சேர்ந்து பேசினால் விட்டுவிடுவீர்கள். மனைவியும் பிள்ளைகளும் வாய்க்குள் முனகுவதாகத் தோன்றத் தொடங்கினால், குறை அவர்கள் பேச்சில் இல்லாமல் இருக்கலாம்.

பஞ்சு வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது. மருந்துக் கடைப் பஞ்சு தடுப்பது மிகச் சொற்பம். விரலை வைத்து அடைப்பது பஞ்சைவிடப் பலமடங்கு மேல். தேர் வரும்போது திடீரென்று வெடி போட்டால் தயங்காமல் இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்படியே இரண்டு மணி நேரம் நிற்க முடியாது.

வாங்க வேண்டியது நுரையால் செய்த காதடைப்பான். மருந்துக் கடைகளிலும், தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளிலும், இணையத்திலும் கிடைக்கும். விலை ஒரு தேநீர்ச் செலவை ஒட்டித்தான் வரும். உறையில் 30 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருப்பார்கள். சரியாக வைத்தால்தான் அந்த எண். பெரும்பாலானோர் வைக்கிற விதத்தில் பாதிதான் கிடைக்கும்.

சரியாக வைப்பது எப்படி?

கையைக் கழுவிக்கொள்ளுங்கள். நுரையை விரல்களுக்கு இடையில் உருட்டி, சுருக்கம் விழாமல், மெல்லிய குச்சி போல ஆக்குங்கள். வலது காதுக்கு என்றால் இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய், காது மடலின் மேல்நுனியைப் பிடித்து மேலாகவும் பின்பக்கமாகவும் இழுங்கள். காதுக்குழாய் வளைந்த பாதை, இழுத்தால்தான் நேராகும். இழுத்துப் பிடித்தபடியே நுரையை உள்ளே செலுத்தி, விரல் நுனியால் அரை நிமிடம் அழுத்திக்கொண்டிருங்கள். நுரை உள்ளே மெல்ல விரிந்து குழாயை நிறைக்கும். எதிரே நிற்பவர் நேராகப் பார்த்தால் அது துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. பிறகு ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள்ளிருந்து கனமாக ஒலித்தால் சரியாக அமர்ந்துவிட்டது. எடுக்கும்போது மெதுவாகத் திருகி எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறைக்கு வலிக்கும். அழுக்கானதை மறுபடி வைக்காதீர்கள். காதில் சீழோ வலியோ இருந்தால் வைக்கவே வேண்டாம்.

பாட்டு கெட்டுப்போகாதா?

நுரை கீச்சு ஒலிகளை அதிகமாகத் தடுப்பதால் பாட்டு கொஞ்சம் மந்தமாகக் கேட்கும், உண்மைதான். இசைக்கலைஞர்களுக்கென்று வடிகட்டி பொருத்திய அடைப்பான்கள் இருக்கின்றன. அவை எல்லாச் சுருதிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைப்பதால் பாட்டின் வடிவம் மாறாது. விலை கூடுதல், ஆனால் கழுவி வருடக்கணக்கில் பயன்படுத்தலாம். அடிக்கடி கச்சேரிக்குப் போகிறவர்கள் ஒரு ஜோடி வாங்கிக்கொள்வது நல்லது.

எங்கே நின்றால் பாதிப்புக் குறைவு?

வெட்டவெளியில், ஒரே ஒரு பெட்டியிலிருந்து வரும் சத்தம், தூரம் இரண்டு மடங்காகும்போது 6 டெசிபல் குறையும். பெட்டியிலிருந்து 2 மீட்டரில் 105 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம்: 4 மீட்டரில் 99, 8 மீட்டரில் 93, 16 மீட்டரில் 87. முன்னே சொன்ன கணக்குப்படி, 2 மீட்டரில் 5 நிமிடம்தான் நிற்கலாம், 16 மீட்டரில் 5 மணி நேரம். சில எட்டுகள் பின்னால் போவதற்கு இவ்வளவு பலன்.

ஆனால் தெருவின் இரண்டு பக்கமும் மதில் இருந்தால் இந்தக் கணக்கு நிற்காது. சுவர்கள் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்பும். வரிசையாகப் பெட்டிகளைக் கட்டித் தொங்கவிடும் பெரிய மேடைகளிலும் சத்தம் இவ்வளவு வேகமாகக் குறையாது. கல்யாண மண்டபத்துக்குள் இன்னும் மோசம். அங்கே சாப்பாட்டுக் கூடம்தான் நல்ல இடம். எங்கே போனாலும் பெட்டியின் வாய்க்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். மணிக்கு ஒருமுறை பத்து நிமிடமாவது வெளியே வந்து கட்டன் சாயா குடிக்கலாம்.

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாமா?

ஒலிப்பெட்டி, மேளம், வெடி இருக்கும் இடத்துக்கு வேண்டாம். சாமி கும்பிடுவதற்கு மேளம் இல்லாத நேரம் எப்போதும் உண்டு. கட்டாயம் போகத்தான் வேண்டும் என்றால், தலைக்கு மேலாக மாட்டும் குழந்தைகளுக்கான காதுமூடி வாங்குங்கள். நுரையைச் சிறு குழந்தைகளின் காதில் வைக்கக் கூடாது. அளவு பொருந்தாது, எடுத்து வாயில் போட்டுக்கொள்ளவும் கூடும். குழந்தை சத்தத்திலேயே தூங்கிவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள்; தூங்கினாலும் காதுக்குள் ஒலி போய்க்கொண்டேதான் இருக்கிறது. கர்ப்பிணிகள் தாழ்ந்த ஒலியை அதிரவிடும் பெரிய பெட்டிகளை விட்டுத் தள்ளியே இருக்க வேண்டும். தாயின் காதில் வைத்த அடைப்பான் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு உதவாது.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டே மேளக்குழுவில் அடிக்கிறேன். கைச்செலவுக்கு அதுதான் வழி. என்ன செய்வது?

விட்டுவிடச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் பார்க்க வருபவர் ஒரு கொடையில் வாங்கும் சத்தத்தை நீங்கள் சீசன் முழுவதும் வாங்குகிறீர்கள். வடிகட்டி வைத்த அடைப்பானை முதல் மாதக் கூலியிலேயே வாங்கிவிடுங்கள். பழகச் சில நாட்கள் ஆகும்; அதன் பிறகு தாளம் முன்னைவிடப் பிரிந்து கேட்பதையும் உணர்வீர்கள். ஒத்திகையிலும் போடுங்கள், அங்கேதான் மணிக்கணக்கில் அடிக்கிறீர்கள். இலத்தாளக்காரருக்குப் பக்கத்தில் ஒருவரே எப்போதும் நிற்காமல் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கேட்கும் திறன் சோதனை செய்து, அந்த வரைபடத்தைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த வருட வரைபடத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது இறங்குகிறது என்று தெரிந்துவிடும்.

மைக் செட் போடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன், ஒரு கூடுதல் எச்சரிக்கையோடு. இரவு ஏழு மணிக்குச் சரியாக வைத்த ஒலி, ஒன்பது மணிக்கு உங்களுக்குக் குறைவாகத் தோன்றும். பெட்டி மாறவில்லை, உங்கள் காது சோர்ந்துவிட்டது. அந்தச் சோர்ந்த காதை நம்பி ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் பத்து மணிக்கு ஊரே அதிர்கிறது. தொடக்கத்தில் வைத்த அளவை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துவைத்து, அதைத் தாண்டாதீர்கள்.

பகலில் எஞ்சின் படகில் வேலை, இரவில் திருவிழா. இரண்டும் சேருமா?

சேரும். காது நாள் முழுதும் வாங்கிய சத்தத்தைக் கூட்டித்தான் கணக்கு வைக்கிறது. குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், முந்திரி ஆலையிலும் மர அறுவை ஆலையிலும் வேலை முடித்தவர், இவர்கள் எல்லாம் அன்றைய பங்கில் பெரும்பகுதியை ஏற்கெனவே செலவழித்துவிட்டுத்தான் மேடை முன்னால் வந்து நிற்கிறார்கள். பாட்டு போடும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் பயணம் செய்து, அதற்கும் மேலாகக் கேட்க வேண்டும் என்று இயர்போனில் சத்தத்தைக் கூட்டுகிற மாணவர்களுக்கும் இது பொருந்தும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வார அளவு 80 டெசிபலில் 40 மணி நேரம்.

வெடிச் சத்தம்?

மிகக் கடுமையானது. இசை நாளாக நாளாகக் கெடுப்பதை, அருகில் வெடித்த ஒரே வெடி ஒரு நொடியில் செய்துவிடும். செவிப்பறை கிழிந்தும் போகலாம். இந்தியச் சட்டம் பட்டாசுக்கு வைத்த எல்லை, 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல். கோயில் வெடி வழிபாடு நடக்கும் இடத்தையும், தேர்ப்பவனியில் வெடி போடும் இடத்தையும் முன்கூட்டியே விசாரித்து அங்கிருந்து விலகி நில்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? யாரிடம் சொல்வது?

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. சமய, பண்பாட்டு விழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம், அதுவும் வருடத்தில் 15 நாட்களுக்கு மேல் கூடாது. மற்ற நேரத்திலும் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த சராசரி அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. விழா நடக்கும் இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபல் வரை கூடலாம், எப்படியும் 75-ஐத் தாண்டக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். மீறினால் 100 அல்லது 112-ஐ அழைக்கலாம், உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுதியும் கொடுக்கலாம்.

ஆனால் கொடை நடந்துகொண்டிருக்கும் இரவில் போலீசைக் கூப்பிட்டால் ஊரில் மனத்தாங்கல்தான் மிஞ்சும். விழாவுக்குப் பந்தல்கால் நடும் கால்நாட்டுக்கு முன்பு, கொடைக்கு வரி பிரிக்கும் கூட்டத்திலேயே பேசுங்கள். வரி கொடுக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே பேச உரிமை உண்டு. ஆலயத் திருவிழா என்றால் பங்குப் பேரவையில் சொல்லலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் இசை நிகழ்ச்சிகளுக்கென்று ஒரு தரநிலை வெளியிட்டது: 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டாமல் ஒலியை அளந்துகொண்டே நடத்துவது, காதடைப்பான் கிடைக்கச் செய்வது, காது ஓய்வெடுக்க அமைதியான இடம் ஒதுக்குவது எல்லாம் அதில் உண்டு. இவற்றில் எதுவும் நம் ஊருக்கு எட்டாததில்லை. பெட்டிகளைத் தரையில் வைக்காமல் தலைக்கு மேல் உயர்த்திக் கட்டுங்கள். முன்வரிசையை ஐந்து மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுங்கள். ஒரே இடத்தில் குவிக்காமல் சிறு பெட்டிகளைப் பந்தல் நெடுகிலும் பரப்புங்கள். மேளத்தைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கும் வட்டத்தைப் பெரிதாக்க ஒரு வாலண்டியர் போதும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

இரைச்சலோ அடைப்போ இரண்டு நாட்களுக்கு மேல் நீடித்தால் போங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது அவசரம். மூன்று நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் மீளும் வாய்ப்பு கூடுதல். 'கொடை முடியட்டும்' என்று தள்ளிப்போடாதீர்கள். வெடிக்குப் பிறகு காதில் ரத்தமோ நீரோ வந்தாலும், தலை சுற்றினாலும் அன்றைக்கே போக வேண்டும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. சோதனைக்குப் போவதற்கு முந்தைய நாள் பலத்த சத்தத்தில் இருக்காதீர்கள், முடிவு தவறாக வரும். அதுவரை காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் அது நேராக நடுச்செவிக்குப் போய்விடும்.

போன கேட்கும் திறனைத் திரும்பக் கொண்டுவர மாத்திரை உண்டா?

மயிரிழைச் செல்களை மறுபடி வளர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. 'நரம்புக்குச் சத்து' என்று விற்கப்படுபவற்றில் பணத்தைக் கரைக்காதீர்கள். தேவைப்பட்டால் காது கேட்கும் கருவி நன்றாக உதவும்.

எங்கள் தாத்தாவுக்கு ஏற்கெனவே காது மந்தம். அவருக்குமா பாதுகாப்பு?

அவருக்குத்தான் கூடுதலாக வேண்டும். உட்செவி கெட்டவர்களுக்கு மெல்லிய ஒலி எட்டாது, ஆனால் பலத்த ஒலி மற்றவர்களுக்கு இருக்கும் அதே கனத்தோடு, சில நேரம் வலிக்கும் அளவுக்கு, போய்த் தாக்கும். சாதாரணமாகப் பேசினால் 'என்ன?' என்பவர், கொஞ்சம் உரக்கச் சொன்னால் 'ஏன் கத்துகிறாய்?' என்று கோபிப்பது இதனால்தான். மிச்சமிருக்கும் கேட்கும் திறனையும் சத்தம் தின்றுவிடும். கருவி போட்டிருந்தால் விழா இடத்தில் அதை நிறுத்தி மட்டும் வைக்காதீர்கள். நிறுத்திய கருவி முழுத் தடுப்பு ஆகாது. கழற்றிப் பெட்டியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, நுரையோ காதுமூடியோ மாட்டிவிடுங்கள். வில்லுப்பாட்டு தொடங்கும்போது, பெட்டிகளை விட்டுத் தள்ளி, பாடுபவரின் வாய் தெரியும் இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கருவியை மறுபடி மாட்டிவிடலாம்.